கானகத்திலிருந்து பாரிஸுக்கு: ரஸாவின் கல்விப் பயணம்

கல்வி தேடி ஊர் துறந்து செல்லும் 'ரிஹ்லா' நம் மரபில் பெரிதும் போற்றப்படுவது. ஹதீஸ் திரட்டவும் ஃபிக்ஹு பயிலவும் சென்றோரின் வரலாறுகளை நாம் அறிவோம். ஓவியக் கலைக்காகக் கடல் கடந்தோரைப் பற்றி அவ்வளவாகப் பேசியதில்லை. அவர்களுள் முதன்மையானவர் ஸையத் ஹைதர் ரஸா (1922-2016).

கல்வராயன் மலையடிவாரத்துக் கச்சிராயபாளையத்தில், அந்தி சாயும்போது காடு கறுத்து வருவதைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு ரஸாவின் இளமை அந்நியமாகத் தோன்றாது. மத்தியப் பிரதேசத்தின் மண்டலா மாவட்டத்தில் பாபரியா என்னும் வனச் சிற்றூரில் பிறந்தவர் அவர். தந்தை வனத்துறை அலுவலர். படிப்பில் மனம் பதியாதிருந்த சிறுவனுக்கு ஆசிரியர் ஒருவர் சுவரில் புள்ளியொன்றை இட்டு, அதையே உற்று நோக்கச் சொன்னார்.

நாகபுரியிலும், பின்னர் பம்பாயின் ஜே.ஜே. கலைப்பள்ளியிலும் பயின்ற ரஸா, 1947இல் சூஸா, ஹுசைன் முதலியோருடன் முற்போக்கு ஓவியர் குழுவைத் தொடங்கினார். அவ்வாண்டு தாயும் மறு ஆண்டு தந்தையும் மறைந்தனர். பிரிவினைக்குப் பின் உடன்பிறந்தோர் பாகிஸ்தான் சென்றனர், அவர் செல்லவில்லை. 1948இல் காஷ்மீரில் அவரது ஓவியங்களைக் கண்ட ஒளிப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே பிரெஸ்ஸோன், திறமை உண்டு, கட்டமைப்பு இல்லை என்று கூறி, செசானின் ஓவியங்களைப் பயிலுமாறு அறிவுறுத்தினார். அச்சொல்லை ரஸா வசையாகக் கொள்ளாமல் வழிகாட்டலாகக் கொண்டார். பிரெஞ்சு மொழி கற்றார்; அந்நாட்டு அரசின் உதவித்தொகை பெற்று 1950இல் பாரிஸ் சென்றார்.

அங்கே நுண்கலைக் கல்லூரியில் 1953 வரை பயின்றார். 1956இல் பிரெஞ்சு விமர்சகர் பரிசு அவருக்குக் கிட்டியது. பிரெஞ்சுக்காரரல்லாத ஒருவர் அப்பரிசைப் பெற்றது அதுவே முதன்முறை. 1959இல் ஓவியர் ழானின் மொங்கியாவை மணந்து அங்கேயே வாழ்ந்தார். எனினும் இந்தியக் குடியுரிமையைக் கைவிடவில்லை.

புகழ் வந்த பின்னரே ஐயம் வந்தது. தம் ஓவியத்தில் தம் மண் எங்கே என்னும் வினா எழுபதுகளில் அவரை அலைக்கழித்தது. விடை பாரிஸின் கூடங்களில் கிட்டவில்லை. பள்ளிச் சுவரின் அந்தப் புள்ளியில் கிட்டியது. 'பிந்து' வரிசை ஓவியங்கள் அவ்வாறு பிறந்தவையே. ஆயினும் அப்புள்ளியை நிறத்தாலும் வடிவியலாலும் நிலைநிறுத்தும் ஆற்றலை அவருக்குத் தந்தது பாரிஸ்தான் என்பதை மறுப்பதற்கில்லை.

2002இல் மனைவி மறைந்தார். 2010 இறுதியில் ரஸா தாயகம் திரும்பினார். 2016 ஜூலை 23 அன்று டெல்லியில் காலமானார். அவர் விரும்பியவாறே, மண்டலாவில் தந்தையின் கப்ருக்கு அருகே நல்லடக்கம் செய்யப்பட்டார். ஊரைவிட்டுப் போகும் பிள்ளை ஊரை மறந்துவிடும் என்று அஞ்சும் பெற்றோர் அந்தக் கப்ரை எண்ணிப் பார்க்கலாம்.