துர்துக்: வீடு மாறேல்ல, நாடு மாறினது

துர்துக்கில் எண்பது வயதைத் தாண்டின ஒருவர் மூன்று ஆட்சிகளைப் பார்த்திருப்பார். பிறந்தது ஜம்மு காஷ்மீர் மகாராஜாவின் ஆட்சியில். 1947-48 சண்டைக்குப் பிறகு பாகிஸ்தான். 1971 டிசெம்பரில் இருந்து இந்தியா. இவ்வளவுக்கும் அவர் வீடு மாறியிருக்கத் தேவையில்லை.

லடாக்கின் லே நகரில் இருந்து ஏறத்தாழ 200 கிலோமீற்றர். 5,359 மீற்றர் உயரக் கர்துங் லா கணவாயைக் கடந்து, நுப்ரா பள்ளத்தாக்கில் இறங்கி, ஷியோக் ஆற்றோடு போனோம். வெளிநாட்டுக்காரருக்குப் பெர்மிட் கட்டாயம். மொட்டை மலைகளைப் பார்த்துப் பார்த்து அலுத்த கண்ணுக்கு முன்னால திடீரெண்டு அப்ரிகொட் மரங்கள், பச்சை வயல்கள். ஊர்ச் சனம் பால்டி மக்கள். மொழி திபெத்திய மொழிக் குடும்பம், மதம் இஸ்லாம். லடாக் எண்டால் பௌத்த மடங்கள் மட்டும் எண்டு நினைத்து வருபவருக்கு இந்த ஊர் பிடிபடாது.

1971 போரில், நுப்ராவிலேயே பிறந்த மேஜர் செவாங் ரின்சென் லடாக் படையோடு ஆற்றோரமாக முன்னேறினார். சலுங்கா, துர்துக், தியாக்ஷி, தாங் ஆகிய ஊர்கள் கைமாறின. அவருக்கு இரண்டாவது தடவையாக மகாவீர் சக்ரா கிடைத்தது. ஊருக்கு என்ன கிடைத்தது எண்டதுதான் எங்கட கேள்வி. 1972 யூலை சிம்லா ஒப்பந்தப்படி, சர்வதேச எல்லையைத் தாண்டிப் பிடித்த இடங்களிலிருந்து இரு படைகளும் விலகின. காஷ்மீரில் மட்டும் டிசெம்பர் 17 அன்று யார் எங்கே நின்றார்களோ, அதுவே கோடு. பஞ்சாபிலும் சிந்துவிலும் பிடிபட்ட ஊர்கள் திரும்பிப் போக, துர்துக் இந்தப் பக்கமே நின்றுவிட்டது.

போர் நேரம் வேலைக்கும் படிப்புக்குமெண்டு அந்தப் பக்கம் போயிருந்தவர்கள் அங்கேயே மாட்டுப்பட்டார்கள். புருசன் ஒரு நாட்டில், மனுசி மற்ற நாட்டில். ஆற்றோடு கீழே போனால் உறவுக்காரரின் ஊர்கள்; ஆனால் 2025 வரை, போறதெண்டால் விசா எடுத்து, பஞ்சாபின் வாகா வரை இறங்கி, அந்தப் பக்கம் திரும்ப மலையேற வேண்டியிருந்தது. விசாவும் லேசில் கிடைக்கேல்ல.

2010 இல்தான் ஊர் சுற்றுலாவுக்குத் திறந்தது. இப்ப கன வீடுகள் விருந்தினர் விடுதிகள். காணொளிக்காரர் "இந்தியாவின் கடைசிக் கிராமம்" எண்டு படமெடுக்கினம். எங்களுக்கு அந்தப் பேர் பிடிக்கவில்லை. துர்துக்குக்கு அப்பாலும் தியாக்ஷி இருக்கு, தாங் இருக்கு. தாங்கில் நின்றால் கோட்டுக்கு அந்தப் பக்கத்து ஊர் வெறும் கண்ணுக்கே தெரியும். அங்கேயும் பால்டிதான் பேசுகினம்.