பழைய நிழற்படங்களில் உடையும் உண்மையும்

ஈக்காட்டுத்தாங்கல், மயிலாப்பூர், தியாகராய நகர் என எப்பகுதியாயினும், மூதாதையரின் நிழற்படத்தைப் போற்றிவரும் இல்லங்கள் சில உண்டு. அண்மைக்காலமாக அப்படங்களைக் கணினிவழி வண்ணமேற்றிப் பெரிதாக்கும் வழக்கம் பரவியுள்ளது. அங்ஙனம் செய்யுங்கால் கொள்ளுப்பாட்டியாரின் பட்டுப்புடைவை பெரும்பாலும் கறுப்பாகிவிடுகிறது. மங்கல நாளில் கறுப்பு உடுத்தாத குடும்பத்தில் அந்நிறம் எவ்வாறு வந்தது?

விடை அக்காலக் கண்ணாடித் தகட்டில் உள்ளது. 1850களில் தொடங்கி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வழக்கிலிருந்தது ஈரக் கொலோடியன் முறை. அத்தகட்டின் வெள்ளியுப்புகள் நீலத்தையும் ஊதாவையும் மட்டுமே உணர்ந்தன. ஆகவே நீலப்பட்டு வெளுத்தது. அரக்குச் சிவப்பு கறுத்தது. மஞ்சள் பூசிய முகமும் உள்ளதைவிடக் கறுத்தே தோன்றியது. 1873இல் ஜெர்மானியரான வோகல், சாயம் சேர்த்தால் தகடு பிற நிறங்களையும் உணரும் எனக் கண்டார். எனினும் அந்நூற்றாண்டு முடியும்வரை சிவப்பு பெரும்பாலும் கறுப்பாகவே பதிந்தது.

நிறம் மட்டுமன்று, பக்கமும் மாறக்கூடும். கண்ணாடியிலேயே நேர்ப்படமாக அமைந்த சில வகைகளில் இடவலம் மாறித் தெரியும். குஜராத்திப் பெண்டிர் முந்தானையை வலத்தோளின் முன்புறம் விடுவர். தமிழ்ப் பெண்டிர் இடத்தோளில் இடுவர். படத்தை மட்டும் நம்பி மரபை முடிவு செய்வோர் இங்கே வழுக்கி விழுவர்.

இவை கருவியின் பிழைகள். உடுத்தியவரின் விருப்பம் வேறொன்று. சென்னையில் 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் ஓவியப்பள்ளி தொடங்கினார். 1856இல் நிழற்படக் கழகம் தோன்றியது. படமெடுத்தல் அன்று செலவுமிக்க செயல். பல நொடிகள் அசையாதிருக்கவும் வேண்டும். அத்தகைய நாளில் அன்றாட உடையை எவர் உடுத்துவர்? 1897இல் இலண்டன் டெவன்ஷயர் மாளிகை விருந்திற்குப் பிரபுக்கள் பண்டை வேந்தரைப் போல் வேடமிட்டு வந்து படமெடுத்துக்கொண்டனர். அவை வேடம் என அனைவரும் அறிவர். நம் முன்னோர் படங்களிலோ அக்குறிப்பு இல்லை.

அரசு தொகுத்த ‘இந்திய மக்கள்’ என்னும் எட்டுத் தொகுதிகளில் (1868–1875) நிலை இதற்கு நேர்மாறானது. அங்கு உடை, மனிதரை இனம் பிரிக்கும் அடையாளமாயிற்று. உடுத்தியவரின் விருப்பத்திற்கு அங்கு இடம் குறைவே.

அவ்விருப்பத்திற்கு இடமளித்தவருள் தலையாயவர் தீன் தயாள். மீரட்டை அடுத்த சர்தானாவில் 1844இல் சமணக் குடும்பத்தில் பிறந்தவர். ரூர்க்கியில் பொறியியல் பயின்றவர். ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கானின் அவைப் படக்கலைஞர். அந்நிஜாம் ஒரு படத்தில் அரசவைக் கோலத்திலும், மற்றொன்றில் வேட்டையுடையில் வீழ்த்திய புலிகளோடும் காட்சி தருகிறார். கொல்லாமையைப் போற்றும் மரபில் வந்தவரின் நிறுவனம் வேட்டைப்படமும் எடுக்க நேர்ந்தது காலத்தின் முரண். இவற்றுள் எது நிஜாமின் ‘உண்மை’ உடை? இரண்டும் அவர் காட்ட விரும்பிய கோலங்களே.

1892இல் தீன் தயாள் திரைமறைவுப் பெண்டிர்க்கெனத் தனி ஸ்டூடியோ அமைத்து, கென்னி-லெவிக் என்னும் ஆங்கிலப் பெண்மணியிடம் பொறுப்பை ஒப்படைத்தார். ஆடவர் கண்படாத அவ்விடத்தில் தம் புடைவையையும் அணியையும் தாமே தேர்ந்து அமரும் வாய்ப்பு அப்பெண்டிர்க்குக் கிட்டியது.

இத்தகைய செய்திகளைத் தேடுவோர்க்கு முதல் துணை, படம் ஒட்டிய அட்டையின் பின்புறம். ஸ்டூடியோவின் பெயரும் ஊரும் பெரும்பாலும் அங்கேதான் அச்சாகியிருக்கும். புதுச்சட்டம் போடுகையில் முதலில் குப்பைக்குப் போவதும் அவ்வட்டையே.