எண்ணும் நோயும்: ஒவ்வாமைக்கான குருதிப் பரிசோதனையின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புக்கள்

1

ஒவ்வாமைக்கான குருதிப் பரிசோதனையின் பெறுபேறு நோயாளியின் கைக்கு ஓர் அட்டவணையாகவே வந்து சேர்கின்றது. ஒருபுறம் பால், முட்டை, கோதுமை, நிலக்கடலை, இறால், வீட்டுத் தூசி எனப் பொருள்களின் பெயர்கள். மறுபுறம் அவ்வவற்றுக்குரிய எண்கள். எண்களுக்கு நேரே 0 முதல் 6 வரையிலான தரங்கள். இத்தாளைக் கையிற் கொண்ட தாயொருத்தி, எண் உயர்ந்துள்ள பொருள்கள் அனைத்தையும் தன் பிள்ளையின் உணவிலிருந்து விலக்க முற்படுவது இயல்பே. எண் பொய் கூறாது என்பது நமது காலத்தின் பொது நம்பிக்கைகளுள் ஒன்றாகும். ஆயின், அவ்வெண் எதனை அளக்கின்றது? அளக்கப்படுவதும் நோயும் ஒன்றுதானா?

இலக்கிய ஆய்வாளராகிய நாம் இவ்விடயத்திற் புகுவதற்கு ஒரு நியாயம் உண்டு. பரிசோதனை அறிக்கையும் வாசிக்கப்படும் ஒரு பனுவலே. எந்தப் பனுவலையும் அது தோன்றிய பகைப்புலத்திலிருந்து பிரித்து வாசிக்கும்போது பொருள் திரிபடைகின்றது. வைத்தியர்கள் நோயாளியிடம் முதலிற் கேட்டறிவதை ‘நோய் வரலாறு’ என்றே அழைக்கின்றனர். அச்சொல்லை அதன் முழுப் பொருளில் எடுத்துக்கொள்ளுதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்காகும்.

2

ஒவ்வாமை நோய்கள் நவீன மருத்துவத்தின் கவனத்திற்கு வந்தமை கைத்தொழிற் புரட்சிக் கால இங்கிலாந்திலாகும். 1819ஆம் ஆண்டில் ஜோன் பொஸ்ரொக் என்னும் வைத்தியர் கோடை தோறும் தம்மைப் பீடித்த கண் எரிவையும் தும்மலையும் மூச்சுத் திணறலையும் விவரித்தார். பின்னர் ‘வைக்கோற் காய்ச்சல்’ எனப் பெயர்பெற்ற இந்நோயின் காரணத்தைப் பரிசோதனை மூலம் நிறுவியவர், பஞ்சாலை நகராகிய மான்செஸ்ரரில் தொழில் புரிந்த சார்ள்ஸ் பிளாக்லி ஆவார். அவரும் இந்நோயாளியே. தமது தோலைக் கீறி, அதன்மீது புல்லின் மகரந்தத்தை வைத்து, அவ்விடம் அரித்து வீங்குவதை அவதானித்தார். 1873இல் வெளியான அவரது நூல், இன்றும் வழக்கிலுள்ள தோற் பரிசோதனைக்கு முன்னோடியாகும்.

அந்நூலில் பிளாக்லி எழுப்பிய வினாவொன்று நமக்கு முக்கியமானது. மகரந்தத்தின் நடுவே நாள் முழுதும் உழைக்கும் கமக்காரரிடையே இந்நோய் அரிதாகவும் கற்றோரிடையே மிகுதியாகவும் காணப்படுவது ஏன்? அவர் இரு விளக்கங்களை முன்வைத்தார். ஒன்று, மனப்பண்பாடு தரும் நோய்ச் சார்பு உழைப்பாளரிடம் இல்லை என்பது. மற்றையது, மகரந்தத்துடனான தொடர்ச்சியான தொடுகை அவர்களை நோய்க்கு ஆளாகாதவர்களாக ஆக்கியிருக்கலாம் என்பது. முதலாவது விளக்கத்தில் விக்ரோறியா கால மத்தியதர வர்க்கத்தின் தற்பெருமை ஒலிக்கின்றது. இரண்டாவது விளக்கமோ ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரே முறையான ஆய்வுக்குட்பட்ட விஞ்ஞான வினாவாகும். ஒரே ஆய்வாளரின் ஒரே பக்கத்தில் வர்க்கக் கருத்துநிலையும் விஞ்ஞானமும் அருகருகே நிற்பதை இங்குக் காண்கின்றோம்.

3

‘அலர்ஜி’ என்னும் சொல்லை 1906இல் ஆக்கியவர் வியன்னாவைச் சேர்ந்த குழந்தை வைத்தியர் கிளெமென்ஸ் வொன் பேர்க்கே ஆவார். தொற்றுநோய்களுக்கு மருந்தாகக் குதிரையின் நீர்ப்பாயம் ஏற்றப்பட்ட பிள்ளைகள் சிலர், அம்மருந்தினாலேயே காய்ச்சலும் தடிப்பும் கண்டதை அவரும் பேலா ஷிக் என்பவரும் ஆராய்ந்தனர். இரண்டாவது முறை மருந்தேற்றப்படும்போது நோய் விரைந்து தோன்றியது. ‘வேறு’, ‘செயல்’ எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்துப் பேர்க்கே ஆக்கிய சொல், உடலின் மாறுபட்ட எதிர்வினையைக் குறித்தது. இதற்கு நான்காண்டுகள் முன்னரே, 1902இல், பிரான்சில் போல் போர்த்தியேயும் சார்ள் றிஷேயும் முதல் ஊசியைத் தாங்கிய நாய்கள், பல நாட்களின் பின் ஏற்றப்பட்ட மிகச் சிறிய அளவு நஞ்சினால் இறந்ததைக் காட்டியிருந்தனர்.

இக்கண்டுபிடிப்புக்களின் உட்கிடையை மனங்கொள்ளல் வேண்டும். ஒவ்வாமை பாலிலோ இறாலிலோ உறையும் ஒரு குணம் அன்று. அது ஓர் உடலுக்கும் ஒரு பொருளுக்குமிடையே காலப்போக்கில் உருவாகும் உறவு. அவ்வுறவுக்கு ஒரு முற்காலம் உண்டு. அது மாறவும் கூடும்.

இவ்வுறவின் பௌதிக அடிப்படை குருதியில் உள்ளது என்பதை 1921இல் பிரெஸ்லௌ நகரில் கார்ல் பிரௌஸ்னிற்ஸ், ஹைன்ஸ் கியூஸ்ற்னர் ஆகியோர் மெய்ப்பித்தனர். கியூஸ்ற்னருக்கு மீன் ஒவ்வாது. அவரது நீர்ப்பாயம் சிறிதளவு பிரௌஸ்னிற்ஸின் தோலிற் செலுத்தப்பட்டது. மறுநாள் அதே இடத்தில் மீன் சாறு செலுத்தப்பட்டபோது அவ்விடம் தடித்து வீங்கிற்று. ஒருவரின் ஒவ்வாமை மற்றவரின் தோலுக்கு மாற்றப்பட்டது. குருதியிலிருந்த அந்த இனந்தெரியாத பொருள் ‘றீஜின்’ என வழங்கப்பட்டது. நாசிகள் ஆட்சிக்கு வந்தபின் பிரௌஸ்னிற்ஸ் ஜேர்மனியை நீங்கி, இங்கிலாந்தின் வைற் தீவில் சாதாரண வைத்தியராகத் தொழில் புரிய நேர்ந்தது. விஞ்ஞானம் அரசியலுக்கு வெளியே நடைபெறுவதில்லை என்பதற்கு அவரது வாழ்வே சான்றாகும்.

4

அப்பொருளை இனங்காண மேலும் 45 ஆண்டுகள் சென்றன. டென்வர் நகரிற் பணிபுரிந்த யப்பானியத் தம்பதியர் கிமிஷிகே, தெருகோ இஷிசாகா ஆகியோர் ஒவ்வாமை நோயாளரின் நீர்ப்பாயத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துத் தமது தோலிலேயே சோதித்து, 1966இல் புதியதொரு பிறபொருளெதிரி இருப்பதாக அறிவித்தனர். 1967இல் சுவீடனின் உப்சாலாவில் குன்னார் யொஹான்சன், ஹான்ஸ் பென்னிக் ஆகியோர் எலும்பு மச்சைப் புற்றுநோயாளி ஒருவரின் குருதியில் இதே புரதத்தைப் பெருமளவிற் கண்டனர். உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவில் 1968இல் லொசானில் நடைபெற்ற கூட்டத்தில் இது ‘இம்யூனோகுளோபியூலின் ஈ’, சுருக்கமாக ஐ.ஜீ.ஈ., எனப் பெயரிடப்பட்டது.

உப்சாலா ஆய்வாளர்கள் லைஃப் வீட் என்பவருடன் சேர்ந்து 1967இலேயே குருதிப் பரிசோதனை முறையொன்றையும் வெளியிட்டனர். ஒவ்வாமைப் பொருள் பிணைக்கப்பட்ட ஊடகத்துடன் நோயாளியின் நீர்ப்பாயம் சேர்க்கப்படும். அப்பொருளுக்கெதிரான ஐ.ஜீ.ஈ. இருப்பின் அது ஒட்டிக்கொள்ளும். ஏனையவை கழுவி நீக்கப்பட்டபின், ஐ.ஜீ.ஈ.யை இனங்காணும் கதிர்த்தொழிற்பாடுடைய பிறபொருளெதிரி சேர்க்கப்பட்டு, எஞ்சும் கதிர்வீச்சு எண்ணப்படும். ‘றாஸ்ற்’ எனப்பட்ட இம்முறையை உப்சாலாவின் பார்மாசியா நிறுவனம் 1974இல் சந்தைப்படுத்தியது. கதிர்த்தொழிற்பாட்டுக்குப் பதிலாக வேறு குறிகாட்டிகள் பின்னர் வந்தன. அந்நிறுவனத்தின் ஒவ்வாமைப் பரிசோதனைப் பிரிவு ‘பாடியா’ என்னும் தனி நிறுவனமாகி, 2011இல் தேர்மோ பிஷர் என்னும் அமெரிக்க நிறுவனத்திற்கு ஏறத்தாழ 350 கோடி டொலருக்கு விற்கப்பட்டது.

இது முன்னேற்றமே என்பதில் ஐயமில்லை. தோற் பரிசோதனைக்கு இடந்தராத கடுஞ் சிரங்குடையோருக்கும், ஒவ்வாமைத் தணிப்பு மருந்துகளை நிறுத்த இயலாதோருக்கும் இது பெருந்துணை. ஆயின் அதே வேளை இன்னொன்றும் நிகழ்ந்தது. தோற் பரிசோதனையில் நோயாளியும் வைத்தியரும் நேருக்கு நேர் இருந்தாக வேண்டும். குருதிக் குழாயோ தனியே பயணஞ் செய்யும். பெறுபேறும் தனியே திரும்பி வரும். உழைப்பின் விளைபொருள் உழைப்பாளியிடமிருந்து பிரிந்து பண்டமாவது போல, நோயாளியின் உடல் பற்றிய அறிவு அவரது வாழ்விலிருந்து பிரிந்து விற்பனைக்குரிய எண்ணாயிற்று.

5

இந்த எண்ணின் இயல்பைச் சற்று விரிவாக நோக்குவோம். நீண்டகாலமாக லீற்றருக்கு 0.35 கிலோ அலகு என்பதே ‘உண்டு’, ‘இல்லை’ என்பவற்றுக்கிடையிலான எல்லையாகக் கொள்ளப்பட்டது. இது ஆரம்பகாலப் பரிசோதனை முறையின் அளக்கும் ஆற்றலின் கீழெல்லை. கருவியின் எல்லையே நோயின் எல்லையாகப் பெயர் பெற்றது. பின்வந்த கருவிகள் 0.1 வரை அளக்கின்றன. நோயாளர் மாறவில்லை, கருவியே மாறிற்று.

குருதியில் ஐ.ஜீ.ஈ. காணப்படுவது உணர்திறன் பெற்றமையைக் காட்டுமேயன்றி, உண்டால் நோய் வரும் என்பதை உறுதிப்படுத்தாது. எண் உயரும்போது நோய்க்கான சாத்தியம் உயர்கின்றது. அந்நோய் எவ்வளவு கடுமையானதாயிருக்கும் என்பதை எண் கூறாது. எண் இல்லாமையும் நோயின்மைக்கு உறுதிப்பத்திரம் அன்று. ஹியூ சாம்ப்சன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 2001இல் வெளியிட்ட ஆய்வில் முட்டைக்கு 7, பாலுக்கு 15, நிலக்கடலைக்கு 14 கிலோ அலகு என்னும் அளவுகளில் ஒவ்வாமை 95 வீதம் எதிர்வுகூறத்தக்கது எனக் கண்டார். ஆயின் அவை ஒவ்வாமைச் சிகிச்சைக்கென அனுப்பப்பட்ட அமெரிக்கப் பிள்ளைகளிடம் பெறப்பட்டவை. வேறொரு மக்கட் கூட்டத்துக்கு அவற்றை அப்படியே பொருத்துதல் தவறு.

இதற்கு மிகச் சிறந்த சான்று 1968இலேயே கிடைத்தது. யொஹான்சன் குழுவினர் எதியோப்பியப் பிள்ளைகளின் குருதியைச் சோதித்தபோது, மொத்த ஐ.ஜீ.ஈ. அளவு சுவீடன் பிள்ளைகளினதை விடப் பன்மடங்கு உயர்ந்திருந்தது. வட்டப்புழுத் தொற்றுடையோரிடம் அது மேலும் மிகுந்திருந்தது. குடற்புழுக்களுக்கெதிரான போராட்டத்திலும் இதே பிறபொருளெதிரி பங்கு கொள்கின்றது. எனவே வடஐரோப்பாவில் ‘வழமையானது’ எனப்பட்ட அளவு, சுத்தமான நீரும் மலசலகூடமும் கிடைத்த ஒரு சமூகத்தின் அளவாகும். வறுமை குருதியில் எழுதும் எழுத்தை ஒவ்வாமை என வாசித்துவிடக் கூடாது.

நமக்கு அண்மித்த உதாரணம் இறால். வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணுண்ணிகளிலும் இறாலிலும் திரொப்போமயோசின் என்னும் ஒத்த புரதம் உள்ளது. தூசியினால் தும்மும் ஒருவரின் குருதி, இறாலுக்கும் எதிர்வினை காட்டக்கூடும். அவரோ வாழ்நாள் முழுதும் இறாற்கறியை இன்புற்று உண்டவராயிருக்கலாம். “இறால் சாப்பிட்டால் உமக்கு என்ன நடக்கும்?” என்னும் ஒரு கேள்வியே அந்த எண்ணின் பொருளைத் தீர்மானிக்கின்றது.

6

தவறான வாசிப்பின் விலையைச் செலுத்துவோர் பெரும்பாலும் குழந்தைகளே. 2011இல் டென்வரிலிருந்து வெளியான ஆய்வொன்றில், உணவுகள் விலக்கப்பட்டிருந்த 125 பிள்ளைகளுக்கு வைத்தியக் கண்காணிப்பில் உணவூட்டிப் பார்க்கப்பட்டது. 364 சோதனைகளுள் 325இல் எதுவித எதிர்வினையும் தோன்றவில்லை. அப்பிள்ளைகளிற் பலர் பெரும்பாலும் குருதிப் பரிசோதனையை ஆதாரமாகக் கொண்டே அவ்வுணவுகளை இழந்திருந்தனர். 2015இல் இலண்டனிலிருந்து வெளியான ஆய்வு மேலுமொரு படி சென்றது. ஒவ்வாமை ஆபத்துடைய 640 குழந்தைகளுள், நிலக்கடலையைத் தவிர்த்தோரில் 17.2 வீதத்தினர் ஐந்து வயதில் அதற்கு ஒவ்வாமை கொண்டிருந்தனர். சிறுவயது முதல் உண்டோரில் அவ்வீதம் 3.2 மட்டுமே. தேவையற்ற விலக்கல், தான் அஞ்சிய நோயையே தோற்றுவிக்கக்கூடும்.

இந்நிலையிலும் பல பொருள்களை ஒருங்கே சோதிக்கும் ‘தொகுதிகள்’ விற்பனையாகின்றன. ஐ.ஜீ.ஈ.யை விடுத்து ஐ.ஜீ.ஜீ. என்னும் வேறொரு பிறபொருளெதிரியை அளந்து ‘உணவு ஒவ்வாமை’ என விற்பதும் உண்டு. அது அவ்வுணவை உண்டதன் அடையாளமே என்றும், நோயறிதலுக்கு உதவாது என்றும் ஐரோப்பிய ஒவ்வாமையியற் கழகம் 2008இல் அறிவித்தது. நோய் வரலாறின்றி ஐ.ஜீ.ஈ. பரிசோதனைகளை வகைதொகையின்றிச் செய்யலாகாது என 2012இல் அமெரிக்கக் கழகமும் எச்சரித்தது. சோதிக்கப்படும் பொருள்களின் தொகை கூடக் கூட, பொருளற்ற எண்களும் கூடும், வருமானமும் கூடும்.

7

பிளாக்லியின் வினாவுக்கு மீள்வோம். ஜேர்மனி ஒன்றிணைந்தபின் எறிக்கா வொன் மூற்றியுஸ் கிழக்கின் லைப்சிக், ஹலே நகரங்களையும் மேற்கின் மியூனிக்கையும் ஒப்பிட்டார். புகை மண்டிய கிழக்கில் ஒவ்வாமை கூடுதலாயிருக்கும் என எதிர்பார்க்கப்பட்டது. மாறாக, மேற்கிலேயே அது மிகுந்திருந்தது. ஒரே மொழியும் ஒத்த பரம்பரையும் கொண்ட மக்கள், 40 ஆண்டுகள் இரு வேறு சமூக அமைப்புக்களில் வாழ்ந்ததன் தடம் அவர்களின் உடலிற் பதிந்திருந்தது. அடுத்துவந்த ஆய்வுகள் கால்நடைத் தொழுவங்களுடன் வளர்ந்த பிள்ளைகளிடம் ஒவ்வாமை குறைவு எனக் காட்டின. பிளாக்லியின் இரண்டாவது விளக்கம் வலுப்பெற்றது, முதலாவது மறைந்தது.

எனவே பெறுபேற்றைத் தாங்கிய தாள் முடிவன்று, உரையாடலின் தொடக்கமே. எதை உண்டபோது, எவ்வளவு நேரத்தில், என்ன நிகழ்ந்தது, அது மீண்டும் நிகழ்ந்ததா என்பவற்றை அறிந்தவர் நோயாளி. அவ்வனுபவத்தையும் எண்ணையும் இணைத்து நிகழ்தகவைக் கணிக்கத் தெரிந்தவர் வைத்தியர். ஐயம் எஞ்சுமாயின் அவசர சிகிச்சை வசதியுள்ள வைத்தியசாலையில் உணவூட்டிச் சோதித்தலே இறுதி உரைகல். அதனை வீட்டில் முயலல் ஆகாது.

இத்தகைய உரையாடலுக்கு நேரம் வேண்டும். வரிசையில் காத்திருக்கும் நூறு பேருக்கிடையே ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் சில நிமிடங்களில் எண் மட்டுமே வாசிக்கப்படும்; வரலாறு வாசிக்கப்படாது. கருவிகளைக் கேட்பது போன்றே, கேட்பதற்கு நேரமுள்ள வைத்தியரையும் மக்கள் உரிமையாகக் கேட்டல் வேண்டும். எண்ணைப் படிக்க இயந்திரம் போதும். அதன் பொருளைப் படிக்க இரு மனிதர் வேண்டும்.