பரங்கிமலை போர்கள் இன்றைக்குச் சொல்வது என்ன? ராணுவ வரலாற்று உரைகளில் கவனிக்க வேண்டியது - விளக்கம்

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி கடற்கரை நோக்கிப் போனால் பல்லாவரம், பரங்கிமலை, கிண்டி என்று ஸ்டேஷன்கள் வரிசையாக வரும். அதில் பரங்கிமலை அடிவாரத்தில் 18-ம் நூற்றாண்டில் ஒன்றல்ல, பல முறை படைகள் வந்து நின்றிருக்கின்றன. தினமும் அந்த வழியாக வேலைக்குப் போகும் பலருக்கே இது தெரியாது.

சென்னையில் ராணுவ வரலாறு பற்றிய பொது உரைகள் புதிதல்ல. ஆகஸ்ட் 22-ஐ ஒட்டி நடக்கும் சென்னை தின நிகழ்ச்சிகளிலும், கல்லூரி அரங்குகளிலும், ஓய்வுபெற்ற அதிகாரிகள் பேசும் கூட்டங்களிலும் பழைய போர்கள் பேசப்படுகின்றன. இந்த உரைகள் பெரும்பாலும் ஒரே கேள்வியில் வந்து முடியும்: "இதிலிருந்து இன்றைக்கு நாம் கற்க வேண்டிய பாடம் என்ன?"

அந்தப் பாடம் எப்போதும் சரியாக இருக்குமா? தென்சென்னையைச் சுற்றி நடந்த 4 சம்பவங்களை வரிசையாகப் பார்த்தால், இதற்குப் பதில் கிடைக்கும்.

1746: அடையாற்றில் என்ன நடந்தது?

1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தார்கள். நகரம் தன் கைக்கு வரும் என்று எதிர்பார்த்த ஆற்காடு நவாப் அன்வருதீன் கான், அது நடக்காததால் மகன் மாபூஸ் கான் தலைமையில் படையை அனுப்பினார். அந்தப் படையில் சுமார் 10,000 பேர் இருந்ததாகச் சொல்லப்படுகிறது.

புதுச்சேரியிலிருந்து பாரடி என்ற அதிகாரி தலைமையில் பிரெஞ்சுப் படை கிளம்பி வந்தது. அதில் இருந்தவர்கள் ஆயிரம் பேர்கூட இல்லை. நவம்பர் 4-ம் தேதி (அன்றைய ஆங்கிலேயக் காலண்டர்படி அக்டோபர் 24) அவர்கள் அடையாறு ஆற்றில் இறங்கிக் கடந்தார்கள். வரிசை கலையாமல் சுட்டுக்கொண்டே முன்னேறினார்கள். பத்து மடங்கு பெரிய படை சிதறி ஓடியது.

இதிலிருந்து அன்றைய ஐரோப்பியர்கள் எடுத்துக்கொண்ட பாடம்: பயிற்சி பெற்ற சிறிய காலாட்படை, எவ்வளவு பெரிய இந்தியப் படையையும் விரட்டிவிடும்.

இதில் ஒரு விஷயம் பெரும்பாலும் விட்டுப்போகிறது. பாரடியின் படையில் ஐரோப்பியர் சுமார் 230 பேர்தான். மீதி சுமார் 700 பேர் இந்திய சிப்பாய்கள். அதாவது 'ஐரோப்பிய வெற்றி' என்று சொல்லப்படும் போரில் துப்பாக்கி ஏந்திய நாலு பேரில் மூன்று பேர் நம்ம ஊர் ஆட்கள். ஜெயித்தது பயிற்சிதான். அந்தப் பயிற்சியை யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம் என்பதை அன்றைக்குப் பலரும் கவனிக்கவில்லை.

ஆங்கிலேயரும் இதே வழிக்கு வந்தார்கள். சிப்பாய் கம்பெனிகள் 1758-ல் பட்டாலியன்களாக ஒழுங்குபடுத்தப்பட்டன. இந்திய ராணுவத்தின் மிகப் பழைய காலாட்படைப் பிரிவான மெட்ராஸ் ரெஜிமென்ட் தன் தொடக்கமாகக் குறிப்பிடும் ஆண்டும் அதுதான்.

1759: முற்றுகையை உடைத்தது யார்?

1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டார். கதையாகச் சொல்லும்போது கோட்டைச் சுவர்களும் பீரங்கிகளும்தான் முன்னால் வரும். ஆனால் லாலிக்குப் பெரிய தலைவலி கோட்டைக்கு வெளியே இருந்தது.

செங்கல்பட்டுப் பக்கமிருந்து ஆங்கிலேயர் தரப்புப் படைகள் பிரெஞ்சுக்காரர்களுக்கு வரும் உணவையும் மாடுகளையும் வழியிலேயே மறித்தன. அந்தப் படைகளில் முக்கியமானவர் யூசுப் கான். மருதநாயகம் என்று நாம் அறிந்திருக்கும் அதே வீரர்தான்.

இந்தத் தொல்லையை ஒழிக்க லாலி ஒரு படையைப் பிரித்து அனுப்ப வேண்டியதாயிற்று. 1759 பிப்ரவரி 9-ல் பரங்கிமலையில் சண்டை நடந்தது. மேஜர் கலியாட் தலைமையிலான படை அங்கிருந்த தோட்ட வீடுகளை அரணாக வைத்துக்கொண்டு மாலை வரை தாக்குப்பிடித்தது. பிரெஞ்சுப் படை திரும்பிப் போனது. ஒரு வாரத்தில் ஆங்கிலேயக் கப்பல்கள் வந்து சேர, முற்றுகை முடிந்தது.

இந்தப் போரின் பாடம் வேறு: சாப்பாடும் மருந்தும் வெடிப்பொருளும் வரும் பாதைதான் படையின் உயிர். பிறகு ஆங்கிலேயருக்கு எதிராகத் திரும்பிய யூசுப் கானை 1764 அக்டோபரில் மதுரையில் தூக்கிலிட்டார்கள்.

1769: ஹைதர் அலி பரங்கிமலைக்கு வந்தது எப்படி?

முதல் மைசூர் போர் 1767-ல் தொடங்கியது. நேருக்கு நேர் மோதும் போர்களில் கம்பெனிப் படை வலுவாக இருந்ததை ஹைதர் பார்த்தார். அந்தப் படைக்கு நேராகப் போய் நிற்பதை அவர் தவிர்த்தார்.

1769 மார்ச்சில் தன் கனரக பீரங்கிகளையும் மூட்டை முடிச்சுகளையும் திருப்பி அனுப்பிவிட்டு, சுமார் 6,000 குதிரைவீரர்களுடன் வேகமாகக் கிளம்பினார். மூன்றரை நாளில் சுமார் 200 கிலோமீட்டர் கடந்து, மார்ச் 29-ல் பரங்கிமலைக்கு வந்து நின்றதாக வரலாற்று நூல்கள் சொல்கின்றன. கம்பெனியின் முக்கியப் படை எங்கோ பின்னால் இருந்தது. கோட்டையில் இருந்தவர்களுக்குப் பேச்சுவார்த்தையைத் தவிர வேறு வழி இல்லை.

ஏப்ரல் தொடக்கத்தில் சென்னை ஒப்பந்தம் கையெழுத்தானது. பிடித்த இடங்களை இரு தரப்பும் திருப்பித் தருவது, மூன்றாவது ஆள் தாக்கினால் ஒருவருக்கொருவர் உதவுவது என்பவை அதன் சாரம். ஆனால் சில ஆண்டுகளிலேயே மராத்தியர்கள் மைசூர் மீது படையெடுத்தபோது கம்பெனி உதவிக்கு வரவில்லை. ஹைதர் அதை மறக்கவில்லை.

1780: ஜெயித்தவரே தோற்றது ஏன்?

1780 ஜூலையில் ஹைதர் பெரும் படையுடன் கர்நாடகப் பகுதிக்குள் (அன்று ஆற்காடு நவாப் ஆண்ட தமிழகப் பகுதி) இறங்கினார். கம்பெனிப் படைக்குத் தலைமை வகித்தவர் ஹெக்டர் மன்றோ. 1764-ல் பக்சாரில் தன்னைவிடப் பெரிய படையைத் தோற்கடித்துப் புகழ் பெற்றவர்.

ஆகஸ்ட் இறுதியில் மன்றோ பரங்கிமலை முகாமிலிருந்து காஞ்சிபுரம் போனார். வடக்கே குண்டூர் பக்கமிருந்து கர்னல் பெய்லியின் படை வந்து அங்கே சேர வேண்டும் என்பது திட்டம். இரண்டு படைகளும் சில மைல் தூரம் வரை நெருங்கியும் ஒன்று சேர முடியவில்லை.

செப்டம்பர் 10-ல் காஞ்சிபுரம் அருகே புள்ளலூரில் ஹைதரும் மகன் திப்புவும் பெய்லியின் சுமார் 3,800 பேர் கொண்ட படையைச் சூழ்ந்து அழித்தார்கள். பெய்லி சிறைபிடிக்கப்பட்டு, 1782-ல் ஸ்ரீரங்கப்பட்டினம் சிறையிலேயே இறந்தார்.

செய்தி தெரிந்ததும் மன்றோ தன் கனரக பீரங்கிகளைக் காஞ்சிபுரத்தில் குளத்துக்குள் தள்ளிவிட்டு, செங்கல்பட்டு வழியாகப் பரங்கிமலைக்குப் பின்வாங்கினார். இன்றைக்கு ஜிஎஸ்டி சாலை போகும் அதே திசைதான் அது.

34 ஆண்டுகளுக்கு முன் அடையாற்றில் எழுதப்பட்ட பாடம் இங்கே பொய்த்துப்போனது. காரணம், எதிராளியும் பாடம் படித்திருந்தார். மைசூரிடம் இப்போது பயிற்சி பெற்ற காலாட்படை இருந்தது. நல்ல பீரங்கிகள், ராக்கெட்டுகள், வேகமான குதிரைப்படை எல்லாம் இருந்தன. மன்றோவோ பழைய வெற்றியின் கணக்கிலேயே படையைப் பிரித்து வைத்திருந்தார்.

சாதாரண மக்கள் என்ன ஆனார்கள்?

ராணுவ வரலாற்று உரைகளில் பெரும்பாலும் கடைசியில், நேரம் இருந்தால் மட்டும் வரும் பகுதி இது. ஹைதரின் குதிரைப்படை சென்னையைச் சுற்றிய கிராமங்களை எரித்தது. கம்பெனிப் படைக்கு அரிசியோ மாடோ கிடைக்கக் கூடாது என்பதுதான் நோக்கம். அதாவது, 1759-ல் பரங்கிமலையில் கிடைத்த 'சப்ளை பாதையை மறி' என்ற அதே பாடம். ஆனால் பட்டினி கிடந்தது கம்பெனி மட்டுமல்ல.

வீடு இழந்த கிராமத்து ஜனங்கள் நகரத்துக்குள் ஓடி வந்தார்கள். பஞ்சம் வந்தது. அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற 1782-ல் வடசென்னையில் தொடங்கியதுதான் மணியக்காரர் சத்திரம். இன்றைய ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் வேர் அங்கே இருக்கிறது. பழைய ஆட்கள் இன்றும் அதைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயருக்குள் 1780-ன் போர் இருக்கிறது.

எம்டனும் 1942-ம்

20-ம் நூற்றாண்டில் சென்னைக்கு இரண்டு அனுபவங்கள்.

1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் துறைமுகத்தைச் சுட்டது. நகரத்தின் விளக்குகள் அணைக்கப்படவே இல்லை. போர் எங்கோ ஐரோப்பாவில் நடக்கிறது என்ற நினைப்பு. எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன, சிலர் உயிரிழந்தார்கள். பல ஆயிரம் பேர் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். "அவன் சரியான எம்டன்" என்ற பேச்சு வழக்கு நமக்கு வந்தது இப்படித்தான்.

1942 ஏப்ரலில் நேர் எதிர். கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசிய பிறகு, சென்னைக்கும் படையெடுப்பு வருகிறது என்ற அச்சத்தில் அரசு அலுவலகங்கள் உள்மாவட்டங்களுக்கு மாற்றப்பட்டன. மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். உயிரியல் பூங்காவின் ஆபத்தான விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. ஜப்பானியப் படை கடைசிவரை கரை இறங்கவில்லை.

1914-ல் தயாராக இல்லாததால் வந்த சேதம். 1942-ல் சரியான தகவல் இல்லாததால் வந்த பீதி. இரண்டையும் தனித்தனியாகச் சொன்னால் இரண்டு எதிரெதிர் பாடங்கள் கிடைக்கும்.

சரி, இதுக்கும் இன்றைக்கும் என்ன சம்பந்தம்?

பரங்கிமலையில் ராணுவம் இன்றும் இருக்கிறது. அங்குள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமி 1963-ல் தொடங்கப்பட்டது. 1987 நவம்பரில் இலங்கையில் வீரமரணம் அடைந்து பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் இங்கே பயிற்சி பெற்றவர். தாம்பரத்தில் விமானப்படை நிலையம் இருக்கிறது. அங்கே பயிற்சி விமானிகளுக்குக் கற்றுத்தரும் ஆசிரியர்களே பயிற்சி பெறுகிறார்கள்.

2025 மே 7-ல் நாடு முழுவதும் சிவில் பாதுகாப்பு ஒத்திகை நடந்தபோது, தமிழ்நாட்டில் சென்னைத் துறைமுகத்திலும் கல்பாக்கத்திலும் நடந்தது. எம்டன் சுட்ட அதே துறைமுகம்.

உக்ரைன் போரில் மலிவான ட்ரோன்கள் விலை உயர்ந்த டாங்கிகளை அழிப்பதை டிவியில் பார்த்தோம். உடனே "டாங்கி காலம் முடிந்தது" என்றொரு பாடம் கிளம்பியது. அடையாறு முதல் புள்ளலூர் வரை நடந்ததை அறிந்தவர்கள் இதை அவசரப்பட்டு ஏற்கமாட்டார்கள். ஒரு போரில் ஜெயித்த உத்தியை எதிராளி அடுத்த போருக்குள் படித்துவிடுவார்.

உரையைக் கேட்கப் போகிறீர்களா? இந்த 4 கேள்விகளைக் கேளுங்க

- இந்தப் பாடம் எந்த ஆண்டு வரை செல்லுபடி ஆனது? 1746-ன் பாடம் 1780-ல் காலாவதி ஆனது. பேச்சாளர் முதல் போரோடு நிறுத்திவிட்டால், அடுத்து என்ன நடந்தது என்று கேட்கலாம்.

- எண்ணிக்கை யார் எழுதியது? 18-ம் நூற்றாண்டுப் போர்களின் கணக்குகள் பெரும்பாலும் ஒரு தரப்பு எழுதியவை. எதிரியின் படையைப் பெரிதாகக் காட்டினால் வெற்றியும் பெரிதாகத் தெரியும்.

- ஒரே காரணம் சொல்கிறார்களா? புள்ளலூரில் பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. ராக்கெட் பட்டதாலா, பீரங்கிக் குண்டு பட்டதாலா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. "ராக்கெட்டால் மட்டுமே வெற்றி" என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

- ஊர் மக்கள் கதையில் இருக்கிறார்களா? படைகள் போன பிறகு வயலும் வீடும் என்ன ஆனது என்பதைச் சொல்லாத பாடம் பாதிப் பாடம்தான்.

நேரில் பார்க்க எங்கே போகலாம்?

செயின்ட் ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் அந்தக் கால ஆயுதங்களும் சீருடைகளும் இருக்கின்றன. உயர் நீதிமன்ற வளாகத்தின் சுற்றுச்சுவரில் எம்டன் குண்டு விழுந்த இடத்தைக் குறிக்கும் கல்வெட்டு இருக்கிறது. ஸ்ரீரங்கப்பட்டினம் போனால், தரியா தௌலத் மாளிகைச் சுவரில் புள்ளலூர் போர் ஓவியமாகவே தீட்டப்பட்டிருப்பதைப் பார்க்கலாம்.

தாம்பரம் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னும் பக்கத்தில் ஓர் இடம் உண்டு. பரங்கிமலையிலிருந்து சிறிது தூரத்தில், நந்தம்பாக்கத்தில் இருக்கும் மெட்ராஸ் போர்க் கல்லறைத் தோட்டம். இரண்டாம் உலகப் போரில் இறந்த 856 பேர் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். பல கல்லறைகளில் பெயருக்குக் கீழே வயதும் இருக்கும். எந்தப் போரின் பாடத்தைக் கேட்கப் போகும் முன்னும் அங்கே பத்து நிமிஷம் நடந்துவிட்டுப் போகலாம்.