வராத பணத்தின் லாபம்

மஸ்ஜிட் ஜாமெக்கில் இறங்கி ஜாலான் மெலாக்கா பக்கம் திரும்பினால், அடியில் மலாய் வீட்டுக் கூரையோடு ஓர் உயரமான கட்டடம் நிற்கும். மெனாரா பூமிபுத்ரா. கம்போங் மேடானிலிருந்து எத்தனையோ முறை கோலாலம்பூர் போய் வந்தும் அதைக் கவனித்ததில்லை. ஜாலில் இப்ராஹிமைப் பற்றிப் படித்த பிறகுதான் நின்று பார்த்தேன்.

அவர் பேங்க் பூமிபுத்ராவில் வேலை செய்தவர். அந்த வங்கியின் ஹாங்காங் துணை நிறுவனமான பிஎம்எஃப், ஜார்ஜ் டானின் கேரியன் குழுமத்துக்குக் கடனை அள்ளிக் கொடுத்திருந்தது. கணக்குகளைச் சரிபார்க்க 1983இல் ஜாலிலை அனுப்பினார்கள். நம் கதைகளில் வட்டிக்காரர் வருவார், மண்டோர் வருவார். கணக்காய்வாளர் வருவதே இல்லை.

கேரியன் வளர்ந்த விதம் எளிமையானது. 1980 ஜனவரியில் கேமன் ஹவுஸ் என்ற கட்டடத்தை 99.8 கோடி ஹாங்காங் டாலருக்கு வாங்கினார்கள். அதே ஆண்டில் அதை 168 கோடிக்கு விற்றுவிட்டதாக அறிவித்தார்கள். சில மாதங்களிலேயே 68 கோடிக்கு மேல் லாபம்! பங்கு விலை ஏறியது. ஏறிய பங்கைக் காட்டினால் அடுத்த கடன், கடன் வந்தால் அடுத்த கட்டடம். ஆனால் அந்த விற்பனை கடைசிவரை முடியவே இல்லை.

நான் கட்டுமானப் பொறியாளன். சைட்ல மாசக் கிளைம் வந்தா முதல்ல பில்லைப் பார்க்க மாட்டோம், தூண் எழும்பியிருக்கான்னுதான் பார்ப்போம். தடயவியல் கணக்கியல் என்று பெரிய பேர் வைத்திருப்பதும் அடிப்படையில் இதுதான். லாபம்னு எழுதியிருக்கு, சரி. பணம் எந்தத் தேதியில், யாரிடமிருந்து, எந்தக் கணக்குக்கு வந்தது?

1982இல் ஹாங்காங்கில் நிலவிலை சரிந்ததும் சக்கரம் நின்றது. மறு ஆண்டே கேரியன் திவால். அதற்கு முன்பே, 1983 ஜூலை 18 அன்று, ஜாலில் கொல்லப்பட்டார். உடல் ஒரு வாழைத்தோப்பில் கிடந்தது.

1984இல் தலைமைக் கணக்காய்வாளர் அகமட் நோர்டின் தலைமையில் மூவர் குழு அமைந்தது. சாட்சிகளைக் கட்டாயப்படுத்தி வரவழைக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. வராத ஆளுக்குப் பதில் காகிதத்தைத்தான் துருவ வேண்டும். பிஎம்எஃப் அதிகாரிகள் சிலர் கேரியன் தரப்பிலிருந்து 'ஆலோசனைக் கட்டணம்' வாங்கியிருந்தார்கள். கடன் வாங்குபவன் கடன் கொடுப்பவனிடம் கேட்டுக் காசு கொடுக்கும் ஆலோசனை எதுவாக இருக்கும்? குழுவின் இறுதி அறிக்கை 1986இல் மக்கள் பார்வைக்கு வந்தது.

இதற்கிடையில் பெட்ரோனாஸ் ஏறக்குறைய 250 கோடி ரிங்கிட் போட்டு வங்கியைத் தூக்கி நிறுத்தியிருந்தது. எண்ணெய்ப் பணம், அதாவது நம்ம பணம்.

கேரியன் கணக்கு மோசடி வழக்கில் வழக்காடவே எதுவும் இல்லையென்று 1987இல் ஹாங்காங் நீதிபதி ஜார்ஜ் டானையும் மற்றவர்களையும் விடுவித்தார். வேறொரு வழக்கில், 1996இல், அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மூன்று ஆண்டுச் சிறை. ஜாலில் இறந்து அப்போது பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.