ஊழியும் ஊழும்



உலகம் அழிந்தபின் எஞ்சியவர்களைப் பற்றிய நாவல்கள் மேனாட்டு இலக்கியத்தில் ஏராளம். அவற்றுள் மூத்தவற்றில் ஒன்று, மேரி ஷெல்லி 1826ல் வெளியிட்ட ‘கடைசி மனிதன்’. கொள்ளைநோயில் மனித குலம் மாண்டு, முடிவில் ஒருவன் மட்டும் மிஞ்சுகிறான். அந்நோயைத் தடுக்க எவராலும் முடியவில்லை. இவ்வகைக் கதைகளின் நம்பிக்கையின்மைக்கு இந்தக் கையறு நிலையே ஊற்று.

மலையகக் கதைகளிலும் இருளே மிகுதி என்பார்கள். நானும் அப்படி எண்ணியவன்தான். உயர்தர வகுப்பு மாணவர் கதை எழுதித் தந்தால், முடிவில் ஒரு விடிவு வேண்டும் என்று சிவப்பு மையால் எழுதிவிடுவேன்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, எங்கள் பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தையில், மீரியபெத்த தோட்டத்து லயங்களை மண்சரிவு மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினர். திரும்பி வர வீடில்லை. சில மாதங்களின் பின் மாணவி ஒருத்தி மண்மூடிய லயத்தைப் பற்றிக் கதையொன்று கொண்டுவந்தாள். அதில் விடிவே இல்லை. சிவப்புப் பேனாவை எடுத்தேன். ஆனால் அக்கதையில் வரும் கிழவி ஒரு கேள்வி கேட்கிறாள்: எழும்பிப் போகச் சொன்னவர்கள் போக ஓர் இடம் காட்டினார்களா? பேனாவை மூடிவிட்டேன்.

கிழவியின் கேள்வி கற்பனையன்று. அங்கிருந்து மக்களை அகற்ற வேண்டுமென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லும் 2011லும் எச்சரித்திருந்தது. சொந்தக் காணி இல்லாதவர்கள் எங்கே போவது? 2016ல் பூனாகலையில் புதிய வீடுகள் கையளிக்கப்பட்டன. அழிவுக்கு முன் கிடைக்காத காணி, அழிவுக்குப் பின் கிடைத்தது!

இம்மலைகள் முன்னரும் ஓர் ஊழியைக் கண்டவை. 1869ல் கோப்பி இலையில் துருநோய் தோன்றியது. இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. கூலியின்றிப் பலர் தமிழகம் திரும்பினர். அதுவும் வெறும் விதியா? மலைக்கு மலை ஒரே பயிரை நட்டதே நோய் பரவ வழிவிட்டது என்பதை, 1880ல் இங்கு வந்த தாவரவியலாளர் மார்ஷல் வார்ட் எடுத்துக்காட்டினார்.

வள்ளுவர் ‘ஊழ்’ என்று ஓர் அதிகாரம் வைத்தார். ‘ஆள்வினையுடைமை’ என்று இன்னொன்றும் வைத்தார். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஷெல்லியின் கொள்ளைநோய்க்குப் பொறுப்பாளி இல்லை. எங்கள் அழிவுகளுக்குத் திகதியும் உண்டு, காரணமும் உண்டு. காரணத்தை மறைத்துவிட்டு விடிவை ஒட்டவைக்கும் கதை, மாண்டவர்க்குச் செய்யும் அநீதி. எல்லாம் விதியென்று ஓயும் கதையும் அப்படியே.

இப்போது என் மாணவரிடம் நான் விடிவு கேட்பதில்லை. இது எப்படி நேர்ந்தது என்று மட்டும் கேட்கிறேன்.