வரிப்பொத்தகம் முதல் தமிழ்நிலம் வரை: நில ஆவணத் தரவு மேலாண்மையின் வரலாறு

இ-சேவை மையத்தில் எடுக்கும் சிட்டா நகல் ஒரே ஒரு தாள்தான். மேலே மாவட்டம், வட்டம், வருவாய்க் கிராமம், பட்டா எண். அடுத்து உரிமையாளர் பெயரும் தகப்பனார் பெயரும். அதன் கீழே கட்டங்களில் புல எண், உட்பிரிவு, நன்செய் அல்லது புன்செய், ஹெக்டேர்-ஏர் கணக்கில் பரப்பு, ரூபாய்-பைசாவில் தீர்வை. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டால் முதலில் இந்தத் தாளைத்தான் கேட்பார்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு நெல் கொண்டுபோனாலும் சிட்டாவும் அடங்கலும் கையில் இருக்க வேண்டும். விவசாயிக்கும் அரசுக்கும் இடையே ஓடும் பெரும்பாலான வழிகள் இந்தச் சில கட்டங்களுக்குள் புகுந்துதான் வெளியே வருகின்றன.

அரசுச் சேவைகளில் தரவுத்தள மேலாண்மை என்றதும் பேச்சு சர்வர், மென்பொருள், இணையதளம் என்று போய்விடுகிறது. தமிழகத்தின் நில ஆவண வரலாற்றை வரிசையாகப் பார்த்தால் கேள்வி வேறு இடத்தில் இருப்பது தெரியும். ஒரு பதிவை யார் மாற்றலாம், எந்தச் சான்றின் பேரில் மாற்றலாம், மாற்றிய தடம் எங்கே இருக்கும்? ஓலையிலும் காகிதத்திலும் கணினியிலும் இந்த மூன்றுக்கும் விடை இருந்த காலத்தில் ஆவணம் நின்றது. விடை தளர்ந்த காலத்தில் குடியானவர் அலைந்தார்.

முதலாம் இராசராசன் காலத்தில், ஏறத்தாழ 1001-இல் நடந்த நில அளவையை வரலாற்றாசிரியர்கள் விரிவாகவே பேசியிருக்கிறார்கள். ஒரு வேலியில் 52,428,800,000-இல் ஒரு பங்கு வரை கல்வெட்டுகள் கணக்குச் சொல்கின்றன. வேலியை ஏறக்குறைய 6.6 ஏக்கர் என்று பிற்கால அளவில் கொண்டால், அது ஒரு சதுர அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இதைச் சோழரின் அளவைத் திறனுக்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். எனக்கு இது கணக்குத் திறனுக்கே சான்றாகப் படுகிறது. எந்தக் கோலாலும் அவ்வளவு நுண்ணிய நிலத்தை அளக்க முடியாது. முந்திரி, கீழ்முந்திரி என்று பின்னத்துக்குள் பின்னமாக இறங்கி, வாய்க்காலும் நத்தமும் கழித்து, மிச்சத்தை ஏட்டில் விடாமல் எழுதியதால் வந்த எண் அது. வயலில் கோல் நின்ற பிறகும் ஏட்டில் கணக்கு நிற்கவில்லை.

அந்த ஏட்டுக்குப் பெயர் வரிப்பொத்தகம். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்த செய்தியைச் சொல்லும் பெரிய லெய்டன் செப்பேட்டில், ஒரே ஓர் ஊரின் வரிநிலையை மாற்ற எத்தனை கைகள் வேண்டியிருந்தன என்பதைப் பார்க்கலாம். அரசன் வாய்மொழியாகச் சொன்னதைத் திருமந்திர ஓலை எழுதுகிறான். ஓலைநாயகம் ஒப்புகிறான். புரவுவரி, வரிப்பொத்தகம், முகவெட்டி, வரிப்பொத்தகக் கணக்கு, வரியிலிடு என்று வரிசையாக அதிகாரிகள் வருகிறார்கள். ஆணையிட்ட இராசராசன் மறைந்த பின், மகன் இராசேந்திரன் காலத்தில் அது செம்பில் ஏறியது. அரசன் சொன்னாலும் கணக்கு தானாக மாறிவிடாது என்பதே இந்த நீண்ட வரிசையின் பொருள். முதலாம் குலோத்துங்கன் 1086-இல் மறுபடி அளக்கச் செய்தான். அளந்து ஒரு தலைமுறை கடந்தால் ஏடும் வயலும் விலகிவிடும் என்பதை அந்த ஆட்சி அறிந்திருந்தது.

இடைப்பட்ட நூற்றாண்டுகளில் பேரரசுகள் போயின, ஊர்க்கணக்கு போகவில்லை. 1767 முதல் 1774 வரை செங்கல்பட்டுச் சீமையில் பொறியாளர் பர்னார்டு ஏறத்தாழ 2,000 ஊர்களின் விவரங்களைத் திரட்டினார். அதற்கு மூலமான ஊர்க்கணக்கு ஓலைகள் இன்று தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. நிலம், வீடு, ஏரி, ஊர் ஊழியருக்கான பங்கு என்று எல்லாம் ஏற்கெனவே எழுதிவைத்திருந்த ஊர்கள் அவை. கிழக்கிந்தியக் கும்பினி வந்துதான் கணக்கு பிறந்தது என்று நினைப்பவர்கள் அந்த ஓலைகளை ஒருமுறை பார்க்க வேண்டும்.

1792-இல் பாராமகால் கும்பினியின் கைக்கு வந்தபோது அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் தொடங்கிவைத்த ரயத்துவாரி முறை, ஆவணத்தின் அடிப்படை அலகையே மாற்றியது. ஊருக்கு மொத்தமாக இருந்த கணக்கு, ஒவ்வொரு வயலுக்கும் ஒவ்வொரு குடியானவருக்கும் என்று பிரிந்தது. 1858-இல் தொடங்கிய வருவாய் அளவை, வயல்தோறும் கல் நட்டு, எண் கொடுத்து, புலப்படம் வரைந்தது. அந்தப் புல எண்தான் இன்றைய தரவுத்தளத்துக்கும் திறவுகோல். மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு என்ற ஐந்தும் சேர்ந்தால் தமிழகக் கிராமப்புறத்தின் எந்தத் துண்டு நிலமும் இன்னொன்றோடு குழம்பாது.

ஊர்க்கணக்கை எழுதிய கணக்குப்பிள்ளை வைத்திருந்த புத்தகங்களின் அமைப்பு வியக்க வைப்பது. 'ஏ' பதிவேடு புல எண் வரிசையில் ஓடும்: எந்த நிலம் யாருடையது என்று கேட்டால் அது சொல்லும். பத்து-ஒன்று என்று வருவாய்த் துறையினர் குறிக்கும் சிட்டா, பட்டா வரிசையில் ஓடும்: இவருக்கு எங்கெங்கே நிலம் என்று கேட்டால் அது சொல்லும். இரண்டாம் எண் கணக்கான அடங்கல், அந்தப் போகத்தில் வயலில் என்ன பயிர் என்று சொல்லும். ஒரே செய்தியை மூன்று விதமான கேள்விகளுக்கு ஏற்ப அடுக்கிவைத்த முறை இது. 1970-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட் வெளியிட்ட தொடர்புநிலைத் தரவு மாதிரி இதே தேவைக்கு வேறு விடை கண்டது: தரவை ஒருமுறை அட்டவணையில் வைத்துவிட்டு, கேட்கும் கேள்விக்கு ஏற்ப அதிலிருந்தே விடையை எடுத்துக்கொள்ளலாம். கணக்குப்பிள்ளையோ மூன்று புத்தகத்திலும் கையால் எழுத வேண்டியிருந்தது. ஒன்றில் திருத்தி மற்றொன்றில் விட்டுவிட்டால் வழக்கு பிறந்தது.

அந்த வழுவைப் பிடிக்கத்தான் ஜமாபந்தி. ஜூலை முதல் ஜூன் வரை ஓடும் பசலி ஆண்டுக்கு ஒருமுறை, ஊர்க்கணக்குகள் எல்லாம் வட்ட அலுவலகத்துக்கு வந்து அதிகாரியின் முன் திறக்கப்படும். ஒரு புத்தகத்தின் கூட்டுத்தொகை மற்றொன்றோடு பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். வருவாய்த் தீர்வாயம் என்ற பெயரில் இன்றும் அது நடக்கிறது. ஆனால் மனு வாங்கும் நாளாகவே மக்கள் மனத்தில் பதிந்துவிட்டது. தரவின் தரத்தைச் சோதிக்க ஆண்டுதோறும் ஒரு நாள் குறித்துவைத்திருந்த நிர்வாக மரபு நம்முடையது என்பதை உரக்கச் சொல்ல வேண்டும்.

பெரிய முறிவு 1979-க்கும் 1987-க்கும் இடையே நேர்ந்தது. பரம்பரையாக வந்த பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது, முழுநேரக் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். ஆவணத்தை ஒரு குடும்பத்தின் பிடியிலிருந்து மீட்ட அந்த முடிவு நியாயமானது. 1982-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. ஆனால் எந்த வயல் எந்தப் பங்காளியின் பாகம், எந்தக் கிரயம் ஏட்டில் ஏறவில்லை என்று ஏட்டுக்கு வெளியே இருந்த அறிவும் பழைய கணக்குப்பிள்ளைகளோடு போயிற்று.

அதே காலத்தில்தான் யூ.டி.ஆர். என்று ஊரெல்லாம் அறிந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. 1.6.1979-இல் தொடங்கி 30.4.1987 வரை நீண்ட அந்தப் பணியில் அனுபவப்படி உட்பிரிவு செய்து, ஏக்கர்-சென்ட்டை ஹெக்டேர்-ஏராக மாற்றி, புதிய பதிவேடுகள் எழுதினார்கள். அவ்வளவு பெரிய பெயர்ப்பில் தவறு வராமல் இருக்காது. அண்ணன் நிலம் தம்பி பெயரில், பட்டா நிலம் புறம்போக்கில், கிரயம் கொடுத்தவர் பெயரே மறுபடி பட்டாவில் என்று ஏறிவிட்டன. யூ.டி.ஆர். தவறு என்ற தொடர் வட்ட அலுவலகங்களில் இன்றும் அன்றாடச் சொல். திருத்தம் கேட்டு மாவட்ட வருவாய் அலுவலர்வரை போகிறவர்கள் கையில் யூ.டி.ஆருக்கு முந்தைய பதிவேட்டின் நகல் இருக்கும். பழைய ஏடு அழியாமல் இருந்தால்தான் புதிய ஏட்டின் தவறை நிறுவ முடிகிறது.

கணினி வந்தபோது பெரும்பாலும் இந்தப் பதிவேடுகளே தட்டச்சாயின. தவறு புதிதாக வரவில்லை. பழைய தவறு அச்செழுத்தின் மதிப்போடு வந்தது. கூடவே பெயர்ச்சிக்கலும் சேர்ந்தது. இராமசாமி, ராமசாமி, ராமச்சாமி மூவரும் ஊருக்கு ஒருவர், கணினிக்கு மூவர். தமிழக அரசு யூனிகோடைத் தர முறையாக ஏற்றதே 2010-இல்தான். அதற்கு முன் பல்வேறு எழுத்துருக்களிலும் குறியேற்றங்களிலும் தமிழ் சிதறிக் கிடந்தது. பெயரைத் திறவுகோலாக வைத்தால் ஆள் தொலைந்துபோவார் என்று புல எண் முறை வகுத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கர்நாடகத்தின் 'பூமி' திட்டம் இங்கே ஒப்பிடத்தக்கது. 67 இலட்சம் உடைமையாளர்களின் ஏறத்தாழ 2 கோடி பதிவுகள் கணினிக்கு மாறின. 15 ரூபாய்க்கு நகல் கிடைத்தது. அங்கே உண்மையான மாற்றத்தைக் கொண்டுவந்தவை மூன்று விதிகள். கையெழுத்து நகல் செல்லாது. பெயர்மாற்ற மனுவை வந்த வரிசையில்தான் முடிக்க வேண்டும். பதிவைத் திருத்தும் அலுவலர் விரல்ரேகை வைத்துத்தான் உள்ளே நுழைய முடியும். லெய்டன் செப்பேட்டில் பெயர் பெயராக நின்ற அதிகாரிகள் செய்த வேலையை அந்த விரல்ரேகை செய்தது.

தமிழகத்தில் வருவாய்த் துறையின் 'தமிழ்நிலம்' மென்பொருளும், பதிவுத் துறையில் 2018-இல் வந்த ஸ்டார் 2.0 மென்பொருளும் இணைந்த பிறகு, உட்பிரிவு தேவைப்படாத கிரயங்களில் பட்டா தானாக மாறும் வழி பிறந்தது. ஒரு கிரயத்துக்கு இரண்டு துறைகளின் வாசலில் நின்ற காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். ஆனால் விற்பவர் பெயரும் பட்டாவில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருந்தால்தான் அந்த வழி திறக்கும்.

இறந்தவர் பெயரில் கிடக்கும் பட்டாக்களுக்கு இது உதவாது. தகப்பனார் இறந்தால் இறப்புப் பதிவேட்டில் ஒரு வரி ஏறுகிறது. வாரிசுச் சான்று வேறு மேசையில் தயாராகிறது. சிட்டாவில் அவர் உயிரோடுதான் இருக்கிறார். பிள்ளைகள் மனுக் கொடுக்கும்வரை அந்தப் பெயர் நகராது. பிள்ளைகளுக்குள் பாகம் பிரியாவிட்டால் மனுவும் போகாது. 2019-இல் தொடங்கிய பிரதமரின் கிசான் திட்டம் ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணையாகக் கொடுக்கிறது. அதற்கு நிலம் விண்ணப்பிப்பவர் பெயரில் இருக்க வேண்டும். சேற்றில் இறங்கி உழுகிற மகனின் பெயர் அடங்கலைப் பார்க்க வரும் கிராம நிர்வாக அலுவலருக்குத் தெரியும். பக்கத்து வயல்காரருக்குத் தெரியும். சிட்டாவின் அந்தக் கட்டத்தில் மட்டும் இன்னும் தகப்பனார் பெயர் இருக்கிறது.